ஒரே வகை ஆயுதமா, கலவையா? ஐந்து விண்கப்பல் கேம்களின் சேதக் கணக்கு

விண்கப்பல் சண்டை கேம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறவர் முதல் கப்பலில் அநேகமாகச் செய்வது, கையில் கிடைத்ததையெல்லாம் பூட்டுவதுதான். இரண்டு லேசர், ஒரு மிசைல், ஒரு கனன், மிச்ச இடத்தில் ஏதோ ஒரு பீம். ஒவ்வொன்றின் சேத எண்ணையும் கூட்டினால் பெரிதாகத்தான் வரும். ஆனால் சண்டையில் எதிரியின் ஷீல்ட் பாதிவரை இறங்கி, திரும்பவும் ஏறிவிடும். அடுத்த முறை எரிச்சலில் ஐந்தையும் லேசராக மாற்றுவார். ஒரு கேமில் அது கைகொடுக்கும்; இன்னொன்றில் நிலைமை முன்னதைவிட மோசமாகும்.

கலப்பதா, ஒரே வகையா என்ற கேள்விக்கு எல்லா கேமுக்கும் பொருந்துகிற ஒரு விடை கிடையாது. விடையைத் தீர்மானிக்கிற காரணம் மட்டும் எங்கும் ஒன்றுதான். எதிரியின் ஷீல்டும் ஆமரும் (கப்பலின் கவசம்) ஒவ்வொரு சேத வகையையும் வெவ்வேறு விதமாக நடத்துகின்றன என்றால் கலக்க வேண்டும். உங்கள் கப்பலின் போனஸ்கள் ஒரே வகையின் மேல் அடுக்கடுக்காக ஏறுகின்றன என்றால் கலக்கக் கூடாது. இந்த அளவுகோலை வைத்து எஃப்டிஎல், ஸ்டார்செக்டர், எலீட் டேஞ்சரஸ், ஸ்டார் ட்ரெக் ஒன்லைன், ஈவ் ஒன்லைன் ஆகிய ஐந்தையும் இங்கே பார்க்கிறோம். முதல் மூன்றிலும் கலவைதான் சரி. கடைசி இரண்டிலும் ஒரே வகைதான் சரி. எந்த கேமில் கையை வைப்பது என்பதும் சேர்ந்த கேள்வி என்பதால், திருகோணமலையில் இருந்து விளையாடுகிறவருடைய நெட், கரண்ட், லாப்டொப் நிலைமையையும் இடையிடையே சொல்கிறோம்.

ஒரு அடிப்படை. ஆயுத விவரத்தில் போட்டிருக்கும் சேத எண் அப்படியே எதிரிக்குப் போய்ச் சேர்வதில்லை. சுடும் நேரத்தில் ஆயுதத்துக்கு எவ்வளவு பவர் இருந்தது, குறி பட்டதா, எவ்வளவு தூரத்தில் பட்டது, ஷீல்ட் எவ்வளவு தின்றது, ஆமர் எவ்வளவு தின்றது என்று ஒவ்வொரு இடத்திலும் கழிபட்ட பிறகு மிஞ்சுவதுதான் ஹல்லுக்கு, அதாவது கப்பலின் உடலுக்குப் போகும். எந்த இடத்தில் அதிகம் கழிபடுகிறது என்பதுதான் கேமுக்குக் கேம் மாறுகிறது.

எஃப்டிஎல்: விதியைக் கண்ணால் பார்க்கலாம்

சப்செட் கேம்ஸ் 2012இல் வெளியிட்ட இந்த கேமில் எல்லாம் சின்ன முழு எண்கள். நெட் தேவையில்லை. பழைய லாப்டொப்பிலும் ஓடும். ஸ்பேஸ் பட்டனை அழுத்திச் சண்டையை நிறுத்திவைத்து யோசிக்கலாம். சேதக் கணக்கைப் படிக்க விரும்புகிறவர் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஷீல்டில் ஒரு அடுக்குக்கு 2 பவர் வேண்டும். உங்கள் கப்பலுக்கு அதிகபட்சம் 4 அடுக்கு. லேசர் குண்டு ஒன்று பட்டால் ஒரு அடுக்கு இறங்கும். அந்தக் குண்டின் சேதம் 1 ஆனாலும் 2 ஆனாலும் இறங்குவது ஒரு அடுக்குத்தான். ஆகவே ஷீல்டை இறக்குவதற்குக் குண்டின் எண்ணிக்கை முக்கியம், பலம் முக்கியமில்லை. பீம் இதற்கு நேர் எதிர். அது ஒருபோதும் குறி தவறாது, கோடாக இழுத்தால் படுகிற ஒவ்வொரு அறைக்கும் சேதம் தரும். ஆனால் நிற்கிற ஒவ்வொரு ஷீல்ட் அடுக்குக்கும் அதன் சேதத்தில் 1 கழிபடும். ஷீல்டை அது இறக்கவும் மாட்டாது.

கெஸ்ட்ரல் கப்பலோடு கிடைக்கும் பேர்ஸ்ட் லேசர் 2 இரண்டு பவர் எடுக்கும், 12 செக்கனுக்கு ஒருமுறை 3 குண்டு சுடும். ஹல்பேர்ட் பீம் 3 பவர், 17 செக்கன், அறைக்கு 2 சேதம். இரண்டு அடுக்கு ஷீல்ட் உள்ள எதிரியை எடுத்துக்கொள்வோம். எல்லாக் குண்டும் படுவதாக வைத்தால், இரண்டு பேர்ஸ்ட் லேசர் (4 பவர்) பூட்டியவருக்கு 6 குண்டில் 2 ஷீல்டுக்குப் போக 4 சேதம் கிடைக்கும், அதுவும் 12 செக்கனுக்கு ஒருமுறை. ஒரு பேர்ஸ்ட் லேசரும் ஹல்பேர்டும் (5 பவர்) பூட்டியவருக்கு லேசரால் 1, பீமை 3 அறைக்குக் குறுக்கே இழுத்தால் 6, மொத்தம் 7. ஒரு சுற்றுக்கு 17 செக்கன். செக்கனுக்கு 0.33க்கும் 0.41க்கும் உள்ள வித்தியாசம் இது. பார்ப்பதற்குச் சிறியது. எதிரி குண்டைத் தட்டிக் கழிக்கத் தொடங்கும்போதுதான் கலவையின் பலன் தெரியும். லேசர் மட்டும் உள்ளவருக்குத் தவறுகிற ஒவ்வொரு குண்டும் நேரே 1 சேதம் இழப்பு. கலவை வைத்தவருக்கு மூன்றில் ஒன்று தவறினாலும் ஷீல்ட் இறங்கிவிடும், பீமின் 6 அப்படியே இருக்கும்.

ஆனால் அந்தக் கலவைக்கு எல்லை உண்டு. கடைசியில் வரும் கிளர்ச்சிப் படையின் கொடிக்கப்பலுக்கு 4 அடுக்கு. ஒரு பேர்ஸ்ட் லேசரின் 3 குண்டும் பட்டால்கூட ஒரு அடுக்கு மிஞ்சும். பீம் அறைக்கு 1 ஆகச் சுருங்கும். ஒரு குண்டு தவறினால் பீம் பூச்சியம். அங்கே போகும்போது இரண்டு பேர்ஸ்ட் லேசரும் ஒரு ஹல்பேர்டும் வேண்டும். பவர் 2+2+3=7. ஆயுத அறையை 8 வரைதான் உயர்த்தலாம் என்பதால் இது சரியாக அடங்கும். 6 குண்டில் இரண்டு தவறினாலும் ஷீல்ட் முழுக்க இறங்கும்.

இங்கே அதிகம் கெடுகிற இடம் நேரம். ஷீல்ட் அடுக்கு ஒன்று திரும்ப ஏற சுமார் 2 செக்கன் போதும். ஆயுதங்களைத் தானாகச் சுடும்படி விட்டால் லேசர் 12ஆம் செக்கனிலும் பீம் 17ஆம் செக்கனிலும் சுடும். பீம் வரும்போது ஷீல்ட் முழுதாக நிற்கும். தானாகச் சுடுவதை நிறுத்துங்கள். பீம் சார்ஜ் ஆகும்வரை லேசரைப் பிடித்து வையுங்கள். எல்லாம் தயாரானதும் லேசரை முதலில் விடுங்கள், கடைசிக் குண்டு ஷீல்டில் படும் கணத்தில் ஸ்பேஸ் அழுத்தி நிறுத்தி, பீமை இழுங்கள்.

இன்னொன்று, ஆயுதங்களை வைக்கிற வரிசை. ஆயுத அறையில் அடி விழுந்து பவர் குறைந்தால் வலது ஓரத்தில் இருப்பதுதான் முதலில் அணையும், சேர்த்துவைத்த சார்ஜும் போய்விடும். ஷீல்டை இறக்கும் லேசர் இடதுபக்கம் இருக்கட்டும். மிசைல் ஷீல்டைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போகும். கெஸ்ட்ரலின் ஆர்ட்டெமிஸ் 1 பவரில் 10 செக்கனுக்கு 2 சேதம் தருகிறது. ஆனால் தொடக்கத்தில் கையில் இருப்பது 8 மிசைல் மட்டுமே. அதை அன்றாடச் செலவுக்கு எடுக்காமல், கடினமான சண்டையில் எதிரியின் ஷீல்ட் அறைக்கோ ஆயுத அறைக்கோ முதல் அடியாக மட்டும் விடுங்கள்.

ஸ்டார்செக்டர்: சேத வகையைவிட ஒரு குண்டின் கனம்

ஐந்திலும் ஆழமான கணக்கு இதில்தான். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமல் ஓடும் என்பது கரண்டும் சிக்னலும் மாறிமாறி விளையாடுகிற ஊரில் பெரிய விஷயம்.

சேத வகை நான்கு. கைனெற்றிக் (மோதும் விசையால் தாக்குவது) ஷீல்டுக்கு 200 வீதம், ஆமருக்கு 50 வீதம். உயர்வெடி ஆமருக்கு 200, ஷீல்டுக்கு 50. எனர்ஜி எல்லாவற்றுக்கும் 100. ஃப்ராக்மென்டேஷன் ஷீல்டுக்கும் ஆமருக்கும் 25, வெறும் ஹல்லுக்கு மட்டும் 100. இதைப் பார்த்தவுடனேயே கலக்க வேண்டும் என்று புரிந்துவிடும். எந்த உயர்வெடியைக் கலப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏனென்றால் ஆமர் ஒரு வீதத்தைக் கழிப்பதோடு நிற்பதில்லை. குண்டின் பலத்தைத் தன் பலத்தோடு ஒப்பிடுகிறது.

கணக்கு இதுதான்: வகைப் பெருக்கம் முடிந்த பிறகு வரும் குண்டுச் சேதத்தை, அதே சேதமும் ஆமர் எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். வருகிற பின்னம்தான் உள்ளே போகும் பங்கு. எவ்வளவு தடித்த ஆமரானாலும் 15 வீதம் கட்டாயம் உள்ளே போகும்.

எதிரியின் ஆமர் 500 என்று வைப்போம். 100 சேதமுள்ள உயர்வெடிக் குண்டு ஆமரில் 200 ஆகிறது. 200ஐ 700ஆல் வகுத்தால் 0.286, ஆகவே உள்ளே போவது 57. அதே 100ஐ இரண்டு 50 ஆகப் பிரித்துச் சுட்டால்? ஒவ்வொன்றும் 100 ஆகி, 100ஐ 600ஆல் வகுத்து, 16.7 வீதம் போகும். இரண்டும் சேர்ந்து 33. நான்கு 25 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 15 வீதத் தரையில் போய் விழும். நான்கும் சேர்ந்து 30. காகிதத்தில் ஒரே சேதம், ஆமரில் 57க்கும் 30க்கும் உள்ள தூரம். 100 கைனெற்றிக் அங்கே 50 ஆகி, 15 வீதத்துக்குச் சுருங்கி, ஏழரைதான் தரும்.

இதனால்தான் ஹார்பூன் மிசைல் இந்த கேமில் அவ்வளவு மதிக்கப்படுகிறது. அதன் சேதம் 750, உயர்வெடி. ஆமரில் 1500 ஆகி, 500 ஆமருக்கு எதிராக 75 வீதம், அதாவது 1125 உள்ளே போகும். அதே ஹார்பூன் ஷீல்டில் பட்டால் 375 ஆகச் சுருங்கிவிடும். எண்ணிக்கையும் மட்டுப்பட்டது. ஷீல்ட் நிற்கும்போது ஹார்பூனை விடுவது வீண்செலவு.

இப்போது பவர் பக்கம். ஸ்டார்செக்டரில் பவருக்குப் பதில் ஃப்ளக்ஸ். சுட்டாலும் ஃப்ளக்ஸ் ஏறும், ஷீல்டில் அடி வாங்கினாலும் ஏறும். சுடுவதால் வருவது மென் ஃப்ளக்ஸ். ஷீல்ட் போட்டபடியே அது வடிந்துவிடும். ஷீல்டில் வாங்குவது கடின ஃப்ளக்ஸ். ஷீல்டை இறக்காமல் வடியாது. ஷீல்டில் அடி வாங்கி ஃப்ளக்ஸ் உச்சியைத் தொட்டால் கப்பல் ஓவர்லோட் ஆகி, ஆயுதமும் ஷீல்டும் இல்லாமல் சில செக்கன் நிற்கும். எதிரியை அந்த நிலைக்குக் கொண்டுபோவதுதான் கைனெற்றிக்கின் வேலை. பீம் ஆயுதங்கள் ஷீல்டுக்கு மென் ஃப்ளக்ஸ்தான் தருகின்றன. பீம் மட்டுமே பூட்டிய கப்பல், நன்றாக வடிக்கக்கூடிய எதிரியை எவ்வளவு நேரம் சுட்டாலும் அசைக்காமல் போவது இதனால்தான்.

ஆயுதம் பூட்டும் திரையில் எல்லா ஆயுதங்களும் ஒரு செக்கனுக்கு ஏற்றும் ஃப்ளக்ஸையும், கப்பல் ஒரு செக்கனுக்கு வடிக்கும் ஃப்ளக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்றம் கூடினால் எதிரி சுடாமலே நீங்கள் நிரம்பிவிடுவீர்கள். தீர்வு இரண்டு: ஓர்ட்னன்ஸ் புள்ளி (ஆயுதமும் பாகமும் பூட்டக் கப்பலுக்குக் கிடைக்கும் புள்ளி) ஒன்றுக்கு ஒரு வென்ட் போட்டால் வடிதல் 10 கூடும், ஒரு கப்பாசிற்றர் போட்டால் கொள்ளளவு 200 கூடும். பெரிய ஆயுதத்துக்காக வென்ட்டைத் தியாகம் செய்கிறவர்கள்தான் அதிகம். நாங்கள் மறுபக்கம்: ஒரு ஆயுத இடத்தைக் காலியாக விட்டாவது வென்ட்டை நிரப்புங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு கலவை: நடுத்தரக் கப்பலில் ஆயுதங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைனெற்றிக், மிச்சம் குண்டுக் கனம் கூடிய உயர்வெடி, மிசைல் இடத்தில் ஹார்பூன். கைனெற்றிக்கை ஒரு குழுவிலும் உயர்வெடியை வேறு குழுவிலும் போடுங்கள். எதிரி ஷீல்டை இறக்கிய பிறகுதான் இரண்டாவது குழு. ஆமர் கப்பல் முழுதுக்கும் ஒரே எண் இல்லை, கட்டம் கட்டமாகக் கணக்கிடப்படுகிறது. சுற்றிச் சுற்றி எல்லா இடத்திலும் கீறுவதைவிட ஒரே விலாவில் திரும்பத் திரும்ப அடிப்பது நல்லது. பூட்டும் திரையிலேயே சிமுலேஷன் பட்டன் இருக்கிறது. காசு செலவில்லாமல் அங்கே சோதித்துவிட்டுப் புறப்படுங்கள்.

எலீட் டேஞ்சரஸ்: சின்ன இடத்தில் லேசர், பெரிய இடத்தில் மல்ரி கனன்

2014 டிசம்பரில் வெளியான இந்த கேமில் காக்பிட்டில் இருந்து நீங்களே பறக்கிறீர்கள். இறக்குவதற்கு 20 ஜிபிக்கு மேல் போகும், கிராஃபிக்ஸ் கார்ட் நல்லதாக வேண்டும், தனியாக விளையாடும் சோலோ முறைக்கும் நெட் கட்டாயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் லாப்டொப் சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடும்போது அசையாத துவக்கால் குறி வைக்க முடியாது. இரவில் விளையாடுங்கள், அல்லது கிம்பல் ஆயுதம் எடுங்கள். கிம்பல் தானாகக் குறியைத் தொடரும். அதே அளவிலான அசையாத ஆயுதத்தைவிடச் சேதம் குறைவு, எதிரி சாஃப் வீசினால் குறி கலைந்துவிடும். இருந்தாலும் புதியவருக்கு அது லாபமான பேரம்.

கூடுதல் மாற்றம் செய்யாத ஷீல்ட் லேசரின் வெப்பச் சேதத்தை 20 வீதம் கூட்டி வாங்கும், கைனெற்றிக்கை 40 வீதம் குறைக்கும், வெடிச் சேதத்தைப் பாதியாக்கும். சாதாரண ஹல் கைனெற்றிக்கை 20 வீதம் கூட்டி வாங்கும்; வெப்பத்துக்கு கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆகவே 100 லேசர் ஷீல்டில் 120. கைனெற்றிக் வகையான மல்ரி கனனின் 100 ஷீல்டில் 60, ஹல்லில் 120. கலவைக்கு இதுவே போதுமான காரணம்.

இதற்குமேல் ஒரு நுணுக்கம் உண்டு. ஹல்லுக்குக் கடினத்தன்மை என்று ஒரு எண், ஆயுதத்துக்குத் துளைக்கும் திறன் என்று ஒரு எண். துளைக்கும் திறன் குறைவாக இருந்தால் அந்த விகிதத்திலேயே சேதம் சுருங்கும். சின்ன பல்ஸ் லேசரின் துளைப்பு 20. சைட்வைண்டரின் கடினம் 20, முழுச் சேதமும் போகும். அனகொண்டாவின் கடினம் 65. அதே லேசர் 31 வீதத்துக்குச் சுருங்கிவிடும். ஷீல்டுக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஆகவே துளைப்பு கூடிய பெரிய ஆயுத இடங்களை ஹல்லை உடைக்கும் மல்ரி கனனுக்கு விடுங்கள், சின்ன இடங்களில் லேசரைப் போடுங்கள். விலை கூடிய லேசரைப் பெரிய இடத்தில் வைக்க மனம் சொல்லும். கணக்கு அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

பவர் இங்கே இரண்டு இடத்தில் இருக்கிறது, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பவர் பிளான்ட் ஆயுதத்தை இயங்கவைக்கும்; சுடுவதற்கான சக்தி டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து வரும். அதில் 6 பிப் (பவர்ப் பங்கு), சிஸ்டம், எஞ்சின், ஆயுதம் மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு அதிகபட்சம் 4. சிஸ்டத்துக்கு 4 கொடுத்தால் ஷீல்டில் படும் சேதம் 60 வீதம் குறையும். மேலே சொன்ன 120 லேசர் 48 ஆகிவிடும். எதிரி உங்களைப் பார்த்துச் சுடும்போது 4 சிஸ்டத்துக்கு, அவர் திரும்பும்போது 4 ஆயுதத்துக்கு. இந்த விரல் பழக்கம் விலை கூடிய ஆயுதம் ஒன்றைவிடப் பெறுமதியானது. பீம் லேசர் செக்கனுக்கு அதிக சேதம் தந்தாலும் டிஸ்ட்ரிபியூட்டரை மளமளவென்று காலி செய்யும், கப்பலையும் சூடாக்கும். சூடு 100 வீதம் தாண்டினால் உங்கள் பாகங்களே சேதமாகும். மல்ரி கனனுக்கு சக்தி மிகக் குறைவு, ஆனால் குண்டு தீரும். லேசர் ஒரு ட்ரிகரில், மல்ரி கனன் மற்ற ட்ரிகரில் என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்திக்கொண்டே இருந்தால் ஷீல்டிலேயே குண்டு முடிந்துவிடும்.

ஸ்டார் ட்ரெக் ஒன்லைன்: இங்கே கலவை கெடுதி

2010இல் தொடங்கி 2012இல் இலவசமான இந்த கேமில் ஆயுதப் பவர்தான் உயிர். அடிப்படைப் பவர் 200ஐ ஆயுதம், ஷீல்ட், எஞ்சின், ஒக்ஸிலரி நான்குக்கும் பிரிக்க வேண்டும். ஒன்றுக்குக் குறைந்தது 15, கூடியது 100. மற்ற போனஸ்களோடு ஆயுதப் பவர் 125 வரை ஏறும். பவர் ஏறினால் எனர்ஜி ஆயுதங்களின் சேதம் ஏறும், இறங்கினால் இறங்கும். டொப்பிடோவுக்கு இது பொருந்தாது.

சுடும்போதே பவர் இறங்கும் என்பதுதான் சிக்கல். பீம் அரே ஒன்று சுடும்போது, கூடச் சுடும் ஒவ்வொரு ஆயுதமும் 10 பவரை இழுக்கும். எட்டு பீம் ஒன்றாகச் சுட்டால் முதலாவதைத் தவிர ஏழுக்கும் சேர்த்து 70. 125இல் நின்ற பவர் 55க்கு விழும். டுவல் ஹெவி கனன் ஒன்றுக்கு 12 இழுக்கும். எனவே ஆயுதப் பவரை 125க்கு மேலேயும் தள்ளிவைக்க முயலுங்கள். திரையில் 125தான் தெரியும், ஆனால் மேலதிகம் இந்த வீழ்ச்சியைத் தாங்கும்.

பீமா கனனா என்று தேர்வதற்குக் கோணத்தைப் பாருங்கள். பீம் அரேயின் கோணம் 250 பாகை. முன்னாலும் பின்னாலும் பூட்டினால் இரண்டு கோணங்களும் கப்பலின் இரு விலாவிலும் 70 பாகை அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று விழும். எதிரியை விலாவில் வைத்து வட்டமிட்டால் எட்டும் சுடும். டுவல் ஹெவி கனனுக்கு வெறும் 45 பாகை, நேர் முன்னே. திருகோணமலை உட்துறைமுகத்தின் வாயைப் பார்த்து நிற்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையில் பீரங்கிக்குக் குறுகிய கோணம் போதும், ஏனென்றால் கப்பல் அந்த வாயால்தான் வந்தாக வேண்டும். விண்வெளியில் எதிரிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மூக்கை அவர் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியது நீங்கள். ஆகவே வேகமாகத் திரும்பும் எஸ்கோர்ட் கப்பலுக்கு முன்னால் கனனும் பின்னால் 360 பாகை டர்ரெட்டும். மெதுவாகத் திரும்பும் குரூசருக்கு எட்டும் பீம்.

இரண்டையும் கலக்கக் கூடாத காரணம் இப்போது வருகிறது. டக்டிக்கல் கொன்சோல்கள் (கப்பலில் பூட்டும் துணைப் பாகங்கள்) ஒவ்வொன்றும் ஒரு எனர்ஜி வகையை அல்லது ஒரு ஆயுத வகையை உயர்த்தும். நான்கு ஃபேசர் கொன்சோல் போட்ட கப்பலில் ஒரு டிஸ்ரப்டரைப் பூட்டினால் அந்த நான்கும் அதற்கு உதவாது. அதிகாரிகளின் திறன்களும் அப்படியே: ஃபயர் அட் வில் பீமுக்கு மட்டும், ஸ்கட்டர் வொலி கனனுக்கும் டர்ரெட்டுக்கும் மட்டும். கலந்தால் எந்தத் திறனை அழுத்தினாலும் பாதி ஆயுதம் சும்மா நிற்கும். எதிரியின் ஷீல்ட் ஃபேசருக்கும் டிஸ்ரப்டருக்கும் பெரிய வேறுபாடு காட்டுவதில்லை என்பதால் கலவையால் திரும்பக் கிடைப்பது மிகக் குறைவு. ஃபேசர் எதிரியின் ஏதாவதொரு சிஸ்டத்தை அணைக்கக்கூடும், டிஸ்ரப்டர் எதிரியின் தாங்கும் திறனைக் குறைக்கும், ஆன்டிபுரோட்டன் கிரிட்டிக்கல் அடியைக் கனமாக்கும். இதில் எதை எடுத்தாலும் பரவாயில்லை, ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். டொப்பிடோவின் கைனெற்றிக் சேதத்தில் ஷீல்ட் 75 வீதத்தைக் கழிக்கும். குரூசரில் அந்த இடத்துக்கும் ஒரு பீமைப் போடுவதே மேல்.

ஈவ் ஒன்லைன்: துவக்கு ஒரே வகை, மாற்றம் குண்டில்

2003 மே மாதம் தொடங்கிய ஈவில், 2016 நவம்பரில் இருந்து இலவசமாகவும் விளையாடலாம். சேர்வர் லண்டனில். இங்கிருந்து தகவல் போய்வர 100 மில்லிசெக்கன் எப்படியும் தாண்டும். ஆனால் ஈவின் கணக்கு ஒரு செக்கனுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. மற்ற ஒன்லைன் கேமில் உயிரை வாங்குகிற தாமதம் இதில் பெரிதாக உறுத்தாது. மொபைல் டேட்டாவில் விளையாடுகிறவருக்கு எலீட்டைவிட இதை நாங்கள் துணிந்து சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டர்ரெட் படுமா தவறுமா என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கும். ஒன்று, எதிரி உங்களைச் சுற்றும் கோண வேகம், உங்கள் துவக்கின் ட்ராக்கிங்கோடும் (குறியைத் தொடர்ந்து திரும்பும் வேகம்) எதிரிக் கப்பலின் பருமனோடும் ஒப்பிட்டால் எவ்வளவு. மற்றது தூரம்: ஒப்டிமல் தூரம்வரை குறைவில்லை, அதற்குமேல் ஒரு ஃபோல்ஓஃப் தூரம் தள்ளிப்போனால் படும் வாய்ப்பு 50 வீதம், இரண்டு ஃபோல்ஓஃப் தள்ளினால் 6 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். குறுந்தூர ஓட்டோகனனும் நெடுந்தூர ஆர்ட்டிலரியும் ஒரே கப்பலில் பூட்டினால், இரண்டும் நன்றாகச் சுடக்கூடிய தூரம் என்று ஒன்று இருக்காது. போனஸும் பிரியும். சேதத்தைக் கூட்டும் பாகங்களில் ஜைரோஸ்டெபிலைசர் ப்ரொஜெக்டைலுக்கு (ஓட்டோகனன், ஆர்ட்டிலரி), ஹீற் சிங்க் லேசருக்கு, பலிஸ்டிக் கொன்ட்ரோல் மிசைலுக்கு. ஒரே வகைப் பாகத்தை அடுக்கும்போதும் அளவு வேண்டும்: இரண்டாவதின் பலன் 87 வீதம், மூன்றாவது 57, நான்காவது 28. மூன்றோடு நிறுத்தி, நான்காவது இடத்தைத் தற்காப்புக்கு விடுங்கள்.

கலவை இதில் குண்டுப்பெட்டிக்குள் நடக்கிறது. ஷீல்டின் அடிப்படைத் தடுப்பு மின்காந்தத்துக்கு 0, வெப்பத்துக்கு 20, கைனெற்றிக்குக்கு 40, வெடிக்கு 50 வீதம். ஆமரில் மின்காந்தத் தடுப்புக் கூட, வெடித் தடுப்புக் குறைவு. லேசரால் மின்காந்தமும் வெப்பமும்தான் தர முடியும், கப்பாசிற்றரையும் (இங்கே கப்பலின் சக்திச் சேமிப்பு) உறிஞ்சும். அது காலியானால் லேசர் மௌனம். ப்ரொஜெக்டைலும் மிசைலும் கப்பாசிற்றரைத் தொடாது, சேத வகையை மாற்றலாம், ஆனால் ப்ரொஜெக்டைல் குண்டு மாற்ற 10 செக்கன் போகும். புதியவருக்கு எங்கள் தேர்வு மிசைல் அல்லது ப்ரொஜெக்டைல். எந்தப் பகைவரிடம் போகிறீர்கள் என்று முன்கூட்டியே பார்த்து, அவருக்கு ஏற்ற குண்டை ஏற்றிக்கொண்டே புறப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்னொரு ஆளைச் சுட்ட பிறகு தொடர்பு அறுந்தால் உங்கள் கப்பல் 15 நிமிடம் விண்வெளியிலேயே நிற்கும், யாரும் வந்து உடைக்கலாம். கரண்ட் போனால் லாப்டொப்பில் பற்றரி இருக்கிறது, ரூட்டரில் இல்லை. போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினாலும் அந்த இடைவெளியில் கேம் தொடர்பு அறுந்துவிடும். உப்புவெளியில் இருந்தாலும் சீனக்குடாவில் இருந்தாலும், ஈவில் மற்றவர்களோடு சண்டைக்குப் போக நினைக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது ரூட்டருக்கு ஒரு சின்ன டிசி யூபிஎஸ். வாங்கும்போது ரூட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்டேஜையும் அம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ரூட்டர் எரிந்துபோகலாம்.